ஆதியாகமத்தின் ஆறு நாள்கள்: எழுத்தின்படி வாசிப்பதா, ஞானார்த்தமாக வாசிப்பதா?

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

அன்பானவர்களுக்கு வணக்கம். எங்கள் சபையில் பெரிய பிள்ளைகளின் வகுப்புக்கு இந்த ஆண்டு ஆதியாகமத்தை எடுத்துக்கொண்டோம். முதல் அதிகாரத்தைத் தாண்ட முடியவில்லை. சூரியனும் சந்திரனும் நாலாம் நாளில்தான் உண்டாயின என்றால், அதற்கு முந்திய மூன்று நாள்களிலும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் குதர்க்கம் பேசுகிற பிள்ளை அல்ல. வேதத்தைக் கவனமாக வாசித்ததனால்தான் அந்தக் கேள்வியே அவளுக்கு எழுந்தது. பூமிக்கு ஏறத்தாழ 450 கோடி ஆண்டு வயது என்று பள்ளியில் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் ஆறு நாள் கணக்கைக் கேட்கும்போது, இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்லியே ஆக வேண்டுமோ என்ற கலக்கம் அவளுக்கு மட்டுமல்லாமல் வகுப்பில் பலருக்கும் இருக்கிறது.

சபையின் மூத்தவர்கள் இருவரிடம் கேட்டேன். எழுதப்பட்டிருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நம்ப வேண்டும், கேள்வி கேட்பதே விசுவாசக் குறைவு என்றார் ஒருவர். அதெல்லாம் உருவகம்தான், பிள்ளைகளைக் குழப்பாமல் அடுத்த அதிகாரத்துக்குப் போங்கள் என்றார் மற்றவர். முதல் பதில் உண்மையான ஒரு கேள்வியைக் குற்றமாக்கிவிடுகிறது. இரண்டாம் பதில் அதைவிட என்னைப் பயமுறுத்துகிறது. படைப்பு உருவகம் என்றால் செங்கடல் பிளந்ததும் உருவகமா? ஆண்டவர் உயிர்த்தெழுந்ததும் உருவகம்தானா? கோடு எங்கே விழுகிறது, அதைக் கிழிப்பவர் யார்?

அறிந்தவர்களிடம் இரண்டு கேட்க விரும்புகிறேன். ஆதியாகமத்தை நேர்ப்பொருளில் அல்லாமல் வாசிப்பது, டார்வினுக்கும் புவியியலுக்கும் பயந்து சபை பிற்காலத்தில் தேடிக்கொண்ட ஒதுங்குமிடமா, முன்பே இருந்த வழக்கமா? ஒரு பகுதியை எப்படி வாசிப்பது என்று தீர்மானிக்க, அவரவர் வசதியைத் தவிர வேறு அளவுகோல் உண்டா?

மறைநூல் மாணவர் எழுதியது:

சகோதரி, உங்கள் மாணவியின் கேள்வியை 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த மறைநூல் அறிஞர் ஒரிஜன் கேட்டிருக்கிறார். சூரியனும் நிலவும் விண்மீன்களும் இல்லாத முதல் மூன்று நாள்களுக்கு மாலையும் காலையும் இருந்தன என்று அறிவுள்ள எவர் எண்ணுவார் என்று அவர் தம் 'முதற்கோட்பாடுகள்' நூலில் வெளிப்படையாக எழுதினார். கடவுள் ஓர் உழவரைப்போல ஏதேனில் தோட்டம் நட்டார் என்பதையும் அதே வரிசையில் வைத்தார். டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். அதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பு, அறிவியலின் நெருக்கடி எதுவும் இல்லாமல், மறைநூலின் சொற்களையே உற்றுப் பார்த்து ஒருவர் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். பயந்து ஒதுங்கியதாக இதைச் சொல்ல முடியாது.

ஒரிஜனின் போக்கு எல்லை மீறியது என்று சொல்பவர்கள் உண்டு என்பதால், யாரும் ஒதுக்க முடியாத பண்டைய ஆயர் அகுஸ்தினாரிடம் (அகஸ்டின் என்றும் சொல்வர்) வருகிறேன். தொடக்கநூலுக்கு, அதாவது நீங்கள் சொல்லும் ஆதியாகமத்துக்கு, விளக்கம் எழுத அவர் வாழ்நாளில் திரும்பத் திரும்ப முயன்றார். ஒளிக்கும் இருளுக்கும் தனித்தனி மூலங்கள் உண்டு என்ற மானிக்கேயரை மறுத்து எழுதிய முதல் விளக்கத்தில் உருவகப் பொருளைப் பெரிதும் நாடினார். பிறகு நேர்ப்பொருளில் எழுதத் தொடங்கி இடையில் நிறுத்தினார். கடைசியில், ஏறத்தாழ 401 முதல் 415 வரை உழைத்து 12 பகுதிகள் கொண்ட பெருநூலாக முடித்தார். அந்தப் பெருநூலுக்கு அவர் இட்ட தலைப்பே 'தொடக்கநூலின் நேர்ப்பொருள் விளக்கம்' என்பதாகும். அப்படித் தலைப்பிட்ட நூலில்தான், கடவுள் யாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார் என்றும், ஆறு நாள்கள் கதிரவன் எழுந்து மறையும் நாள்கள் அல்ல என்றும், வானதூதர்கள் படைப்பை அறிந்துகொண்ட ஒழுங்கையே அவை காட்டுகின்றன என்றும் எழுதுகிறார். அவருடைய விளக்கம் நமக்கு ஏற்புடையதாக இல்லாமல் போகலாம். ஆனால் நேர்ப்பொருள் என்று அவர் எதைக் கருதினார் என்பது முக்கியம். மேலோட்டமான வாசிப்பில் கண்ணில் படுவதை அவர் நேர்ப்பொருள் என்று எண்ணவில்லை. மறைநூல் உண்மையாக எதைச் சொல்ல வருகிறதோ அதையே அப்படிக் கருதினார்.

13ஆம் நூற்றாண்டில் இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு இன்னும் துல்லியமான வடிவம் கொடுத்தார். ஆசிரியர் சொல்ல எண்ணியதே நேர்ப்பொருள். உருவகமும் அதற்குள்ளேயே அடங்கும். மறைநூல் கடவுளின் புயத்தைப் பற்றிப் பேசும்போது, அதன் நேர்ப்பொருள் உடலுறுப்பு ஆகாது, அவருடைய செயலாற்றலே ஆகும் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு.

இதை ஏற்றுக்கொண்டால் உங்கள் இரண்டாம் கேள்வியின் வடிவம் மாறிவிடும். 'இது உருவகமா?' என்று கேட்பதற்கு முன்பு 'இது எந்த வகை எழுத்து?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாட்டைப் பற்றி வெளியிட்ட ஏடும் இதைத்தான் வலியுறுத்துகிறது: வரலாறு, இறைவாக்கு, கவிதை ஆகிய ஒவ்வொன்றிலும் உண்மை வெவ்வேறு விதமாக வெளிப்படுவதால், ஆசிரியர் கையாண்ட இலக்கிய வகையைக் கவனிக்காமல் அவர் கருத்தை அறிய முடியாது. நீதித்தலைவர்கள் நூலின் 9ஆம் அதிகாரத்தில் மரங்கள் தங்களுக்கு அரசனைத் தேடிப் போகின்றன. மக்களைக் கண்டிக்க யோத்தாம் சொன்ன கதை அது என்பதை நூலே காட்டிவிடுகிறது. லூக்காவோ, கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றைத் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாக முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறார். பவுல் 1 கொரிந்தியர் 15இல், உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களைப் பெயர் சொல்லி அடுக்கி, ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். போய் விசாரித்துப் பாருங்கள் என்று அழைக்கிற எழுத்து அது. கிறிஸ்து உயிருடன் எழுப்பப்படவில்லை என்றால் நம் நம்பிக்கை வீண் என்று அவரே எழுதிய பிறகு, அங்கே உருவகத்துக்கு இடமே இல்லை. ஆகவே கோட்டை நாம் கிழிப்பதில்லை; எழுதியவர் கிழித்த கோட்டை நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை கடினமானது என்பதை மறுக்க மாட்டேன்.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். முதல் நாளில் ஒளி, நான்காம் நாளில் ஒளிச்சுடர்கள். இரண்டாம் நாளில் வானமும் நீரும், ஐந்தாம் நாளில் பறவைகளும் மீன்களும். மூன்றாம் நாளில் நிலம், ஆறாம் நாளில் விலங்குகளும் மனிதரும். முதல் மூன்று நாள்கள் இடங்களை வகுக்கின்றன, அடுத்த மூன்று நாள்கள் அவற்றை நிரப்புகின்றன. இரண்டாம் அதிகாரத்தில் வரிசை வேறு: வயல்வெளியில் புதர் முளைக்கும் முன்பே மனிதன் உருவாக்கப்படுகிறான், பிறகுதான் தோட்டம், விலங்குகள், பெண். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு வேற்றுமை தெரியாமல் இருந்திருக்காது. கால அட்டவணை தருவது அவர் நோக்கமாக இருக்கவில்லை என்றே நான் கொள்கிறேன். உங்கள் மாணவிக்கு நான் சொல்லக்கூடிய விடையும் இங்கேதான் இருக்கிறது. பாபிலோனும் எகிப்தும் கதிரவனையும் நிலவையும் தெய்வங்களாக வணங்கின. இந்த அதிகாரமோ அவற்றை நான்காம் நாள்வரை காத்திருக்க வைத்து, வெறும் விளக்குகளாக வானத்தில் பொருத்துகிறது. ஒளியும் நாளும் அவற்றிடமிருந்து வருபவை அல்ல, கடவுளிடமிருந்து வருபவை என்பதை இதைவிட வலுவாக எப்படிச் சொல்ல முடியும்?

என் கத்தோலிக்கத் திருச்சபை இந்த வழியில் தடுமாறாமல் நடக்கவில்லை. கலிலேயோ 1615இல் கிறிஸ்தினா கோமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தினாரையே சான்றாகக் காட்டியும், யோசுவா சூரியனை நிற்கச் சொன்ன பகுதியை எழுத்தின்படி எடுத்தவர்கள் பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்ற கொப்பர்னிக்கஸின் கருத்தை 1616இல் தடை செய்தார்கள். ஆயினும் ஆறு நாள்களைப் பொறுத்தவரை, மிகவும் இறுக்கமான காலத்தில்கூட, திருத்தந்தையின் விவிலிய ஆணையம் 1909இல், நாள் என்பதை இயல்பான நாளாகவும் கொள்ளலாம், ஒரு காலப்பகுதியாகவும் கொள்ளலாம் என்று அறிஞர்களின் ஆய்வுக்கு விட்டுவைத்தது.

பெரோயா வாசகர் எழுதியது:

ஸ்தோத்திரம். மேலே சகோதரர் எழுதியவை உண்மையே. ஆனால் வரலாற்றின் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். செசரியாவின் பேராயர் பேசில், 378ஐ ஒட்டிய ஒரு லெந்து (தவக்) காலத்தில் ஆறு நாள் படைப்பைப் பற்றி ஒன்பது பிரசங்கங்கள் செய்தார். ஞானார்த்த விளக்கங்களை, அதாவது உருவகமாகப் பொருள் காணும் விளக்கங்களை, தாமும் அறிந்திருப்பதாகவும், ஆனாலும் புல் என்று எழுதியிருந்தால் அதைப் புல்லாகவும் மீன் என்று எழுதியிருந்தால் அதை மீனாகவுமே தாம் எடுத்துக்கொள்வதாகவும் கடைசிப் பிரசங்கத்தில் சொல்கிறார். ஒரு நாள் என்பதை இருபத்துநான்கு மணி நேரம் என்றும் விளக்குகிறார். 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், அகஸ்டினின் ஒரே கணப் படைப்பை வெளிப்படையாக மறுத்து, ஆறு நாள்களை நாள்களாகவே போதித்தார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினும் அப்படியே. ஆக, ஞானார்த்த வாசிப்பு பழையது என்பது எவ்வளவு உண்மையோ, நேர்ப்பொருள் வாசிப்பும் அவ்வளவு பழையது என்பது அவ்வளவு உண்மை. அதை இக்காலத்தின் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

சீர்திருத்த சபைகள் ஞானார்த்தத்துக்கு ஏன் அஞ்சின என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையில், எருசலேமிலிருந்து இறங்கிப் போனவன் ஆதாம் என்றும், சத்திரம் சபை என்றும், சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல் என்றும் அகஸ்டின் விளக்கினார். அழகான விளக்கம்தான். ஆனால் ஆண்டவர் அந்த உவமையை முடித்தது 'நீயும் போய் அந்தப்படியே செய்' என்ற கட்டளையோடு. விளக்கம் வளர வளர அந்தக் கட்டளை கண்ணுக்கு மறைந்துபோகிறது. இதே அச்சத்தால்தான் அந்தியோகியாவின் போதகர்கள், குறிப்பாக தார்சுவின் தியோதோரும் மொப்சுவெஸ்தியாவின் தெயோதோரும், ஒரிஜன் போன்ற அலெக்சாந்திரியரின் ஞானார்த்த முறையை எதிர்த்தார்கள். கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாகக் காட்டி, இவை ஞானார்த்தமுள்ளவை என்கிறாரே என்று கேட்டவர்களுக்கு, பவுல் அந்தப் பெண்கள் வாழ்ந்ததை மறுக்கவில்லை, நடந்ததன்மேல் நின்றே பொருள் சொன்னார் என்று மொப்சுவெஸ்தியாவின் தெயோதோர் விடையளித்தார். என் மனம் இவர் பக்கம்தான் சாய்கிறது.

அதே வேளையில், எங்கள் பக்கத்தாருக்கும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். ஆறு நாள்களை நாள்களாகவே எடுத்த கால்வின்தான், 1554இல் வெளிவந்த ஆதியாகம விளக்கத்தில், சனிக்கோள் சந்திரனைவிடப் பெரியது என்று வானியலார் நிரூபிப்பதை ஏற்றுக்கொண்டு, மோசே சாதாரண மக்களின் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுதினார், வானியல் கற்க விரும்புகிறவர் வேறிடம் போகட்டும் என்று எழுதினார். 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பள்ளியில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர்மேல் நடந்த வழக்கில், பரிணாமக் கொள்கையை எதிர்த்து நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, அந்த நாள்கள் நீண்ட காலங்களாக இருக்கலாம் என்று சாட்சிக் கூண்டில் ஒத்துக்கொண்டார். இருபத்துநான்கு மணி நேர நாள்களும் இளம் பூமியும் இவாஞ்சலிக்கல் சபைகள் பலவற்றில் விசுவாசத்தின் அடையாளமாகவே ஆனது, 1961இல் விட்கோமும் மோரிஸும் ஜலப்பிரளயத்தைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகுதான். வேதாகமத்தின் பிழையின்மையை உறுதியாகப் பிடித்துக்கொண்டவர்கள் 1982இல் சிகாகோவில் வெளியிட்ட அறிக்கையும், நேர்ப்பொருள் என்பது அணிகளையும் இலக்கிய வடிவங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பொருளே என்று சொல்கிறது.

நான் நாள்களை நாள்களாகவே வாசிக்கிறேன்; யாத்திராகமம் 20:11 ஓய்வுநாள் கட்டளையை அந்த ஆறு நாள்களின்மேல் நிறுத்துவதே எனக்குக் காரணம். ஆனால் இதில் வேறுபடுகிறவரின் விசுவாசத்தை நான் அளக்க மாட்டேன். ஆதாமைப் பற்றியது அப்படி எளிதானதாக எனக்குத் தோன்றவில்லை. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரே மனுஷனால் வந்த பாவத்தையும் ஒரே மனுஷனால் வந்த கிருபையையும் எதிரெதிரே வைக்கிறார். ஒரு பக்கம் கதைப்பாத்திரமாகவும் மறுபக்கம் உண்மை மனிதராகவும் இருந்தால் அந்த வாதம் நிற்குமா என்பதற்குச் சகோதரர் விடையளிக்க வேண்டும்.

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பெரியவர்கள் இதே கேள்வியோடு போராடியிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே என் மாணவி ஆறுதல் அடைவாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நல்ல சமாரியனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபோது, ஆறு நாள்களுக்காக இவ்வளவு வாதாடுகிற நாங்கள், மலைப்பிரசங்கத்தை என்ன செய்கிறோம் என்று தோன்றியது. மறு கன்னத்தைக் காட்டு, கேட்கிறவனுக்குக் கொடு, சத்துருவைச் சிநேகி என்ற இடங்களுக்கு வரும்போது, எழுத்துக்கு எழுத்து நம்பச் சொன்ன அதே பெரியவர்கள், அதை அப்படியே எடுக்கக் கூடாது என்கிறார்கள். இதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறதா?

எம்மாவு வழிப்போக்கர் எழுதியது:

சகோதரி, இந்தத் திரியில் எழுதப்பட்டவற்றில் உங்கள் கடைசிக் கேள்வியே எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. ஆதியாகமத்தின் நாள்களை எப்படி வாசித்தாலும் திங்கட்கிழமை காலையில் என் நடை மாறப்போவதில்லை. மலைப்பிரசங்கம் தொடங்கும் மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எப்படி வாசிக்கிறேன் என்பதில் எல்லாமே மாறிவிடும்.

அளவுகோல் ஒன்று உண்டு. அகஸ்டின் 396ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய 'கிறிஸ்தவப் போதனை' என்ற நூலின் மூன்றாம் பகுதியில் அது இருக்கிறது. ஒரு கட்டளை தீங்கைத் தடுக்கிறதாகவோ நன்மையை ஏவுகிறதாகவோ இருந்தால் அது உருவகம் அல்ல. தீங்கை ஏவுவதுபோலத் தோன்றினால் அது உருவகம். அவர் தரும் எடுத்துக்காட்டு ரோமர் 12:20. உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு என்பதை எவரும் உருவகமாக்க முடியாது. அவனுக்குச் சோறு போட வேண்டும். அக்கினித்தழலை அவன் தலையின்மேல் குவிப்பாய் என்று அதே வசனம் தொடரும்போது, அதை எழுத்தின்படி எடுத்தால் அன்பே பழிவாங்கலாகிவிடும். ஆகவே அந்தத் தழல், மனந்திரும்புதலின் எரியும் வேதனை. ஒரே வசனத்துக்குள் இரண்டும் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வலது கண் இடறலுண்டாக்கினால் பிடுங்கிப் போடு என்பதற்கும் இதே அளவுகோல் பொருந்தும். பரலோகராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகராக்கிக்கொண்டவர்களைப் பற்றிய மத்தேயு 19:12ஐ எழுத்தின்படி எடுத்து ஒரிஜன் இளமையில் தம் உடலைச் சிதைத்துக்கொண்டார் என்று பண்டைய சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதிவைத்திருப்பது, இந்த இடத்தில் நினைக்க வேண்டிய துயரம்.

அதே பகுதியில் அகஸ்டின் எழுதிய இன்னொன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மனிதர் தங்கள் ஊர் வழக்கத்தை வைத்தே எது பாவம் என்று தீர்மானிக்கிறார்கள். ஆகையால் தங்கள் வழக்கத்துக்கு மாறாக வேதம் எதையாவது கட்டளையிட்டால் உடனே அதை உருவகம் என்று எண்ணிவிடுகிறார்கள் என்கிறார். நம் சபை வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதை ஏற்காமல் பிரிந்து நின்றார்கள். சாதி உலகியல் ஒழுங்கு மட்டுமே, விசுவாசத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அவர்களுடைய வாதம். நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள் என்ற கலாத்தியர் 3:28, பந்தியில் உட்காரும் ஒழுங்கைத் தொடாத ஓர் உள்ளத்து உண்மையாக அங்கே சுருக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் வைத்துப் பிரிக்கிற சபைகள் இன்றும் இருக்கும்போது, யோனாவை மீன் விழுங்கியதை நம்புகிறாயா என்று ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எழுத்தின்படி கீழ்ப்படிந்தவர்களும் இருந்தார்கள். உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற வசனம் ஆலயத்தில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு, 3ஆம் நூற்றாண்டு எகிப்தில் இளைஞரான அந்தோணியார் தம் நிலங்களைக் கொடுத்துவிட்டார். சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் 1527 பிப்ரவரியில் கூடிய அனபாப்திஸ்துகள் (விசுவாசித்த பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்ற சபையார்), ஆண்டவர் சத்தியம் பண்ண வேண்டாம் என்றதால் ஆணையிட மாட்டோம், தீமையை எதிர்க்க வேண்டாம் என்றதால் வாளைத் தொட மாட்டோம் என்று அறிக்கையிட்டார்கள். அதை வடித்த மிகாயேல் சாட்லர் அதே ஆண்டு மே மாதம் கொல்லப்பட்டார். கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்த அரசுகளும் சேர்ந்தே இவர்களைத் துன்புறுத்தின. எல்லாக் கிறிஸ்தவர்களும் ஆணையிட மறுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் வேறு விதமாக வாசிக்கிறவர், தம் வாசிப்பினால் தமக்கு என்ன மிச்சமாகிறது என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பணமும் பகையும் அந்தஸ்தும் மிச்சமாகிற இடத்தில் உருவகம் என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

பெரோயா வாசகர் எழுதியது:

சத்துருவுக்குச் சோறு போடும் வசனத்தைப் பற்றி எழுதியதை முழு மனதோடு ஏற்கிறேன். வரும் வாரத்துக்கு ஒரு யோசனை, சகோதரி. பிள்ளைகளிடம் ஆதியாகமம் 1, சங்கீதம் 104, லூக்கா 1:1-4, ரோமர் 12:20 ஆகிய நான்கையும் கொடுத்து, எழுதியவர் ஒவ்வொன்றிலும் என்ன செய்கிறார் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நாலாம் நாள் கேள்வியை முதலில் கேட்ட மாணவியே ஆதியாகமத்தை வாசிக்கட்டும். பதில் எதையும் நீங்கள் உடனே திருத்த வேண்டாம். ஆதாமைப் பற்றிய என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. ரோமர் 5ஐ வசனம் வசனமாக எடுத்துக்கொண்டு தனித் திரியாகத் தொடங்குகிறேன், மறைநூல் மாணவர் அங்கே வந்து விடையளிக்க வேண்டுகிறேன்.